எலும்பு கூடும் முன் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 11 வாரங்களுக்கு முன் சாலையில் கிடந்த மணலில் மோட்டார் சைக்கிள் வழுக்கி, வண்டி அவருடைய இடது காலின் மேலேயே சாய்ந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. தோல் கிழியவில்லை. மறுநாள் அறுவை சிகிச்சை செய்து, பெரிய எலும்பின் உள்ளே ராடு செலுத்தி, மேலும் கீழும் திருகாணிகள் போட்டிருக்கிறார்கள். 8ஆவது வாரப் பரிசோதனையில் மருத்துவர், "எலும்பு கூடி வருகிறது, முழு எடையையும் ஊன்றி நடக்கலாம்" என்றிருக்கிறார். இப்போது வீட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் நடக்கிறார். வெளியே போனால் ஊன்றுகோல். அடுத்த எக்ஸ்ரேக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இவர் வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் வேலையில் இருப்பவர். அலுவலகம் பொறுமையிழந்து வருகிறது. கணுக்காலில் விரிசல் விழுந்த நண்பர் ஒருவர் ஆறே வாரத்தில் வண்டி எடுத்ததாகச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார். மனைவி சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு மாலை, யாருக்கும் சொல்லாமல் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாராம். வலிக்கவில்லை. "உள்ளே ராடு இருக்கிறது, இடது காலுக்குக் கியர் மாற்றுவதைத் தவிர வேலை இல்லை, மெதுவாகத்தான் போவேன். இதில் என்ன ஆபத்து?" என்று கேட்கிறார். கியர் இல்லாத ஸ்கூட்டர் பரவாயில்லையா, பின்னால் உட்கார்ந்து போகலாமா, விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள். இரவில் நரம்பு வலிக்காக ஒரு மாத்திரை சாப்பிடுவதையும், புகைப்பதைப் பாதியாகக் குறைத்திருப்பதையும், முழங்காலின் முன்பக்கம் விடாமல் வலிப்பதையும் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

இப்போது ஓட்ட வேண்டாம். மூன்று வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகும், உடனே மறுநாள் ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு ஏற்பட்டதைப் போன்ற முறிவு, ராடு போட்ட பிறகு நன்றாகக் கூடுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகிறது. நீங்கள் இரண்டரை மாதத்தில் நிற்கிறீர்கள். கூடி வருகிறது என்று உங்கள் மருத்துவர் சொன்னது நல்ல செய்திதான். ஆனால் அவர் சொன்னது கூடி வருகிறது என்றுதான். கூடிவிட்டது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

வலியில்லாமல் தெருமுனை வரை போய் வந்ததுதான் உங்களுக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்திருக்கிறது என்று தெரிகிறது. அந்த ஓட்டத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாய் குறுக்கே ஓடவில்லை. முன்னால் போன வண்டி திடீரென்று நிற்கவில்லை. கால் ஊன்றிய இடம் சமதளமாக இருந்தது. எங்கே ஊன்றுவது என்பதையும் நீங்களே தீர்மானித்தீர்கள். எதுவும் நடக்காத ஓட்டம் காலைச் சோதிப்பதே இல்லை. வண்டி ஓட்டும்போது கால் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. எதிர்பாராமல் வண்டி சாயும் அந்த ஒரு நொடியில்தான் அதற்கு முழு வேலையும் வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் வரும் பாரத்தை, அதுவும் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு வரும் பாரத்தை, உங்கள் இடது கால் இன்று தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்கும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இப்போது உங்களிடம் இல்லை. உங்கள் மருத்துவரிடமும் இல்லை.

உள்ளே ராடு இருக்கிறதே என்ற நம்பிக்கை

என்னிடம் வருபவர்களில் பலரும் இதைச் சொல்வார்கள். இரும்பு இருப்பதால் கால் முன்பைவிட வலுவாகிவிட்டது என்ற எண்ணம். ராடின் வேலை வேறு. எலும்பு கூடும் வரை முறிந்த துண்டுகளை நேர்க்கோட்டில் பிடித்து வைத்திருப்பதும், நடக்கும்போது விழும் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்வதும்தான் அதன் வேலை. எலும்பு கூடக் கூட, பாரம் ராடிலிருந்து எலும்புக்கு மாறுகிறது. எலும்பு கூடாமலே போனால், ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல, அடிக்கடி வரும் சிறிய பாரமே ஒரு நாள் ராடையோ திருகாணியையோ முறித்துவிடும். எவ்வளவு உயர்ந்த உலோகமாக இருந்தாலும் இதுதான் கதி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பின் நடுக்குழாயில் நீளவாக்கில் நிற்கும் ராடு, கால் வளைவதை நன்றாகத் தடுக்கும். கால் முறுக்கப்படும்போது அதைத் தடுப்பவை பெரும்பாலும் மேலும் கீழும் போட்டிருக்கும் அந்தச் சில திருகாணிகள்தான். நடக்கும்போது பாரம் எலும்பின் நீளத்திலேயே இறங்குகிறது. அது எலும்பு கூடுவதைத் தூண்டவும் செய்கிறது. அதனால்தான் உங்களை நடக்கச் சொன்னார்கள். வண்டி சாயும்போது நடப்பது வேறு. பாதம் தரையில் பதிந்து நிற்க, வண்டியும் உடம்பும் முன்னோக்கியோ பக்கவாட்டிலோ திரும்புகின்றன. நடுவில் இருக்கும் கீழ்க்கால் முறுக்கப்படுகிறது. நடக்கலாம் என்ற அனுமதிக்குள் வண்டி ஓட்டும் அனுமதி அடங்காததற்குக் காரணம் இதுதான்.

ராடு உள்ளே இருக்கும்போதே அந்தக் கால் மறுபடி அடிபட்டால் சிகிச்சை முதல் தடவையைப் போல எளிதாக இருக்காது. வளைந்த ராடையும், பாதியில் முறிந்து உள்ளே தங்கிவிட்ட ராடையும் வெளியே எடுப்பது அறுவை மருத்துவர்களுக்கே கடினமான வேலை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பொறுமையை எதோடு நிறுத்துப் பார்க்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடது காலுக்கு என்ன வேலை?

கியரைத் தவிர வேலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் ஓட்டியவருக்குக் கால் செய்யும் வேலை கண்ணில் படாது, பழகிப்போயிருக்கும். வண்டியில் ஏறுவதிலிருந்தே பாருங்கள். இடப்பக்கம் நின்று, முழு உடல் எடையையும் இடது காலில் வைத்து, வலது காலை இருக்கைக்கு மேலே வீசுகிறீர்கள். அந்த நேரத்தில் உடம்பு திரும்பவும் செய்கிறது. ஒற்றைக்காலில் நின்று முறுக்கும் அசைவு என்றால் இதுதான். அடுத்து, சைடு ஸ்டாண்டைத் தள்ளுவதும் இடது பாதம். சிக்னலில் நிற்கும்போது வலது பாதம் பின் பிரேக்கில் இருக்க, தரையில் ஊன்றுவது இடது கால். பெரும்பாலோருக்குப் பல ஆண்டுப் பழக்கம் இது. வலது காலை ஊன்றிக்கொள்கிறேன் என்று நீங்கள் முடிவு செய்யலாம். பதற்றத்தில் கால் முடிவைக் கேட்காது, பழக்கத்தைத்தான் கேட்கும்.

கியர் விஷயமும் அவ்வளவு சின்னது இல்லை. பல வண்டிகளில் மேல் கியருக்குப் போக, பாதத்தின் மேற்பகுதியால் லீவரைத் தூக்க வேண்டும். அதைச் செய்யும் தசை, உங்கள் எலும்பு முறிந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறது. முறிவுக்குப் பிறகு அது இறுகியும் மெலிந்தும் போயிருக்கும். நரம்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். பாதத்தின் மேல்பக்கம் மரத்திருக்கிறதா, கட்டை விரலை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் பாதம் தொங்கும், லீவரைத் தூக்க வராது. அப்படி ஏதேனும் தெரிந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெதுவாகப் போவேன் என்ற உங்கள் வாக்குறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமாகப் போகும்போது மோட்டார் சைக்கிள் தானாகவே நிமிர்ந்து நிற்கிறது. மெதுவாகப் போகும்போதுதான் அதற்கு உங்கள் கால் தேவைப்படுகிறது. நெரிசலில் ஊர்ந்து போவது, திரும்புவது, சரிவில் நிறுத்துவது, பின்னுக்குத் தள்ளுவது எல்லாமே குறைந்த வேகத்தில் நடப்பவை. காலை அதிகம் கேட்பவை. நிமிர்ந்து நிற்கும் வண்டியின் எடை காலுக்குத் தெரிவதில்லை. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு பாகை சாய்வுக்கும் பாரம் ஏறிக்கொண்டே போகிறது. 150 கிலோ வண்டியை ஒரு காலால் தடுத்து நிறுத்துவது ஆரோக்கியமான காலுக்கே சிரமம். வேகத்தைக் குறைப்பதால் விபத்தின் கடுமை குறையும் என்பது உண்மை. ஆனால் உங்கள் காலுக்கு வரும் வேலை குறையாது.

உங்கள் நண்பரின் ஆறு வாரம்

அவருக்கு வந்தது கணுக்காலில் விரிசல். உங்களுக்கு வந்தது கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்த முறிவு. அவருடைய நாள்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கீழ்க்காலின் பெரிய எலும்புக்கு முன்பக்கத்தில் தோலைத் தவிர வேறு போர்வை இல்லை. தசையால் நாலாபுறமும் சூழப்பட்ட தொடை எலும்புக்குக் கிடைக்கும் இரத்த ஓட்டம் இதற்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இது நிதானமாகக் கூடுகிறது.

கார் ஓட்டுவோரை வைத்து இது பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வலது கணுக்கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு பிரேக் மிதிக்கும் நேரம் இயல்புக்குத் திரும்பச் சுமார் 9 வாரம் ஆனது. வலது காலின் நீண்ட எலும்புகளில் பெரிய முறிவு ஏற்பட்டவர்களுக்கு, எடை ஊன்றத் தொடங்கிய நாளிலிருந்து மேலும் சுமார் 6 வாரம் ஆனது. இந்தக் கணக்கு காருக்கு உரியது. கார் சாய்வதில்லை, அதில் கால் ஊன்ற வேண்டியதும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு இதைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. நொடியில் கால் பங்கு தாமதம் என்றால் நான்கு மீட்டருக்கு மேல். எதிரே வரும் லாரிக்கு முன்னால் நிற்பதற்கும் அதில் மோதுவதற்கும் அந்த இடைவெளி போதும்.

எக்ஸ்ரே நாளன்று என்ன கேட்பது?

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால், கூட்டத்தின் நடுவில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்ற பதில்தான் கிடைக்கும். அதில் உங்கள் மருத்துவரைக் குறை சொல்லவும் முடியாது. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். குறைந்தது மூன்று ஓரங்களிலாவது முறிவின் குறுக்கே புது எலும்பு பாலம் போட்டிருந்தால், அதோடு அந்த இடத்தை அழுத்தினாலும் எடை ஊன்றினாலும் வலி இல்லை என்றால், எலும்பு கூடிவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். "எத்தனை ஓரங்களில் கூடியிருக்கிறது?" என்று கேளுங்கள். படத்தில் காட்டச் சொல்லுங்கள். நோயாளி இப்படிக் கேட்பதை நல்ல மருத்துவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருப்பீர்கள், எப்படிப்பட்ட வண்டி என்பதையும் சொல்லுங்கள். தெருமுனை வரை போய் வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். திருகாணிகளை அவர் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்.

முழங்காலின் முன்பக்க வலி உங்களைக் கவலைப்பட வைத்திருக்கிறது. ராடை உள்ளே செலுத்துவது முழங்காலின் அருகிலிருந்துதான். அதனால் அந்த இடத்தில் வலி வருவது மிகச் சாதாரணம். மண்டியிடும்போதும் படியேறும்போதும் கூடுதலாகத் தெரியும். எலும்பு கூடவில்லை என்பதற்கு அது அடையாளம் இல்லை. அதற்கு மாறாக, முறிந்த இடத்திலேயே ஊன்றும்போது வலி வந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

புகைப்பதைப் பாதியாகக் குறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதியையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் புகைக்குள்ள பங்கு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. சீக்கிரம் வண்டி எடுக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படும் நீங்கள், உங்கள் கையிலேயே இருக்கும் ஒரே வழியைப் பாதியில் விடாதீர்கள். கால்சியம் மாத்திரைகளைக் கூடுதலாக விழுங்கி இதை ஈடுகட்ட முடியாது.

எக்ஸ்ரே நன்றாக இருந்தால் அடுத்த சோதனை

எலும்பு கூடியிருந்தாலும் தசையும் சமநிலையும் தாமாகவே திரும்பிவிடுவதில்லை. இரண்டு தொடைகளிலும் முழங்கால் சில்லுக்கு மேல் 10 சென்டிமீட்டரில் நாடாவால் அளந்து பாருங்கள். இடது தொடை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கெண்டைக்காலும் அப்படித்தான். கீழே சொல்பவற்றை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது, சுவரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்று செய்து பாருங்கள்.

- ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல், 20 நிமிடம் வெளியே நடக்க வேண்டும். ஊன்றுகோலை வண்டியில் கட்டிக்கொண்டு போகும் நிலையில் இருப்பவர் ஓட்டும் நிலையில் இல்லை.
- இடது காலில் மட்டும் 30 விநாடி ஆடாமல் நிற்க வேண்டும்.
- ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். வலது காலால் எத்தனை தடவை முடிகிறதோ, அதில் பத்துக்கு ஒன்பது பங்காவது இடது காலாலும் முடிய வேண்டும். இதுதான் பலருக்கும் கடைசியாகத் திரும்பும் வலு.
- சுவரை நோக்கி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட முடிகிறது என்பதை இரண்டு காலிலும் ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. கியர் லீவரில் அது தெரியும்.

இன்னொரு சோதனை இருக்கிறது; அதைத் தனியே செய்யக் கூடாது. நீங்கள் நிற்கும்போது இயன்முறை மருத்துவர் முன்கூட்டிச் சொல்லாமல் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுவார். இடது காலைச் சட்டென்று விலக்கி ஊன்றி உடம்பை நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பார். மேலே உள்ள எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வண்டி உங்களிடம் கேட்கப்போவது இதைத்தான். இதில் கால் தயங்கினால் எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னும் சில வாரம் பயிற்சி வேண்டும்.

மாத்திரைகள்

நரம்பு வலிக்குத் தரப்படும் பிரீகபாலின் போன்றவையும், டிராமடால் வகை வலி மாத்திரைகளும் தூக்கக் கலக்கத்தைத் தரும். இரவில் சாப்பிட்டது காலையில் கலைந்துவிட்டதாகத் தோன்றும். கவனமும் எதிர்வினையும் முழுமையாகத் திரும்பியிருக்காது. இவற்றைச் சாப்பிடும் காலம் வரை மருத்துவரிடம் கேட்காமல் எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. அதற்காக நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம்; இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாராசிட்டமால் தூக்கம் தராது என்றாலும், ஓட்டுவதற்காகவே அதைப் போட்டுக்கொள்வது தவறு. மாத்திரை போட்டால்தான் ஓட்ட முடியும் என்ற கால் ஓட்டுவதற்குத் தயாரான கால் ஆகாது.

ஸ்கூட்டர், பின் இருக்கை, கார்

கியர் இல்லாத ஸ்கூட்டரில் காலால் இயக்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டு பிரேக்கும் கையில். காலைத் தூக்கி வீசாமல் ஏறலாம். இவை உண்மையான வசதிகள். மருத்துவர் அனுமதித்த பிறகு முதலில் ஸ்கூட்டரில் தொடங்கி, பின்னர் மோட்டார் சைக்கிளுக்குப் போவது நல்ல வழி. அனுமதிக்கு முன்பே ஓட்டுவதற்கு அது சமாதானம் ஆகாது. ஸ்கூட்டரும் சாயும், அதன் சிறிய சக்கரம் பள்ளத்தில் அதிகமாகக் குதிக்கும். சென்டர் ஸ்டாண்டு போட உடல் எடையை ஒரு காலில் இறக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சைடு ஸ்டாண்டே போதும்.

பின்னால் உட்காருவது பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஏறுவதற்கு அதே இடது காலில்தான் நிற்க வேண்டும். வண்டி விழுந்தால் இரண்டு பேருமே விழுவீர்கள், ஓட்டுபவருக்காவது முன்கூட்டித் தெரியும். எலும்பு கூடும் வரை தவிர்த்துவிடுங்கள். காரில் பயணியாகப் போவதற்குத் தடை இல்லை. நீண்ட பயணமானால் மணிக்கொரு முறை இறங்கி நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். கியரைத் தானாக மாற்றிக்கொள்ளும் கார் கிடைத்தால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. அதை ஓட்ட வலது கால் மட்டும் போதும், உங்களுக்கு அடிபட்டது இடது கால். தூக்கம் தரும் மாத்திரையை நிறுத்திய பிறகு, மருத்துவரும் காப்பீட்டு நிறுவனமும் சம்மதித்தால், மோட்டார் சைக்கிளுக்கு வெகு முன்பே இதைத் தொடங்கலாம். இதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று கடிதத்தில் தெரிகிறது. அலுவலகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

காப்பீடும் அலுவலகமும்

வண்டியைக் கட்டுப்படுத்தும் உடல்நிலையில் ஓட்டுபவர் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சில நாடுகளில், குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நீடிக்கும் காயத்தை ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். உங்கள் இடத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் எழுதியிருக்கும்போது ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ நிறுவனத்துக்கு அது காரணமாகலாம். பாலிசியின் நிபந்தனையைப் படியுங்கள். சந்தேகத்தை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது. மருத்துவர் சொல்வது மருத்துவக் கருத்து மட்டுமே, சாலையில் பொறுப்பு உங்களுடையது என்பதையும் மனதில் வையுங்கள்.

அலுவலகத்துக்கு, "இன்னும் குணமாகவில்லை" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் பயன்படாது. அதைப் பார்த்தால் ஒன்றுமே செய்ய முடியாதவர் என்றுதான் நினைப்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம், இவ்வளவு நேரம் நடக்கலாம், இரு சக்கர வாகனம் ஓட்டுவது மட்டும் அடுத்த எக்ஸ்ரே வரை கூடாது என்று பிரித்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இதை எழுதித் தர மருத்துவர்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை, நோயாளிகள்தான் கேட்பதில்லை. அந்தத் தாளைக் கொடுத்த பிறகும் வண்டி எடுக்கச் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே, என்ன ராடு போட்டார்கள் என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ராடையோ திருகாணியையோ எடுக்க வேண்டி வந்தால் அவை தேவைப்படும். எடுத்த பிறகும் எலும்பில் துளைகள் ஆறும் வரை சில வாரங்கள் வண்டியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள்

எக்ஸ்ரேயும் கால் சோதனையும் சரியாக வந்த பிறகு, இன்ஜினை ஓட விடாமல் தொடங்குங்கள். ஏறுங்கள், இறங்குங்கள், ஸ்டாண்டைப் போடுங்கள், எடுங்கள். பக்கத்தில் வண்டியைப் பிடிக்க ஒருவர் இருக்கட்டும். கியர் லீவரின் உயரத்தை மெக்கானிக் மாற்றித் தர முடியும். பாதத்தை அதிகம் வளைக்காமல் லீவர் எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலாலும் மிதிக்கும் வகை லீவர் உங்கள் வண்டிக்குப் பொருந்துமானால் இன்னும் நல்லது, தூக்கும் வேலையே இருக்காது. கணுக்காலை மூடும், அடிப்பகுதி விறைப்பான பூட்ஸ் அணியுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில், ஈரமில்லாத காலி மைதானத்தில், கிளம்பி நிற்பதை மட்டும் பழகுங்கள். வலது காலை ஊன்றி நிற்பதையும் பழகுங்கள். 10 நிமிடம் போதும். அன்று மாலையும் மறுநாள் காலையும் இடது காலைப் பாருங்கள். வீக்கமோ வலியோ மறுநாள் வரை நீடித்தால் அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். பின்னால் ஆள், சுமை, மழை, இரவு எல்லாம் பல வாரம் கழித்து.

மணலைப் பார்த்தாலே கை இறுகிப்போகிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பிறகு உடம்பு அப்படி நடந்துகொள்வது இயல்பு. ஆனால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவரால் வண்டியைத் திருப்ப முடியாது. மைதானத்தில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 11 வாரத்துக்குப் பிறகும் அது தானாகப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

எக்ஸ்ரே நாள் வரும் முன்பே கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தழும்பு சிவந்து நீர் கசிந்தாலோ, முறிந்த இடத்தில் திடீரென்று வலி கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

உங்கள் மனைவியையும் அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சாவியை ஒளித்து வைத்தவருக்கும் எக்ஸ்ரேயைப் பார்க்கும் உரிமை உண்டு. எத்தனை ஓரங்களில் கூடியிருக்கிறது என்பதை அவரும் மருத்துவரின் வாயாலேயே கேட்டுவிட்டால், எப்போது சாவியைத் தருவது என்பதில் உங்கள் இருவருக்கும் இடையே சண்டை வர இடம் இருக்காது.